நாற்பத்தேழாம் பக்கம்

பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல்தான் அலமேலு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். சாமியை எழுப்பறீங்க இல்ல? விடிஞ்சிடுச்சு, எழுந்திரு, வாசல்ல வந்து நிக்கிறோம்னு பாடறீங்க. எழுந்துச்சா இல்லையான்னு தெரியறதுக்குள்ள எல்லாரும் ஊஞ்சல் ஆடப் போயிடறீங்களே, அது ஏன்?"

காலை பத்து மணிக் காப்பி இடைவேளை அது. மண்டபத்தின் பின்பக்கம், சமையல் நடக்கும் கூடத்தில், தொண்டை கட்டாமல் இருக்கச் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எந்த ஊஞ்சல்மா?" என்றேன்.

"அதாங்க்கா, பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து ஊஞ்சல் ஆடற பாட்டு. அது பின்னாடி ஒருவாட்டி வருது. அதுலயும் பாருங்க, நல்லா ஆடிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு மறுபடியும் விடிஞ்சிடுது. மறுபடியும் சாமியை எழுப்பறீங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்கிறாள். அது மட்டுமல்ல, அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள்.

"நானே யோசிச்சுப் பாத்தேன். எங்க வீட்ல பிள்ளைங்கள எழுப்பற மாதிரிதானே? ரெண்டு தரம் கூப்பிடுவோம், எழுந்திருக்காது. சரி, கெடக்கட்டும்னு வேற வேலை பாக்கப் போயிடுவோம். அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி வந்து கூப்பிடுவோம். சாமியும் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். சரிதானேக்கா?"

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நான் அங்கே ஓதுகிற குழுவின் தலைவி. மைக் பிடிப்பவருக்குப் பக்க எண் சொல்வதும், சேலை நிறம் முடிவு செய்வதும், மண்டபம் பேசுவதும் நான்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாம்மா, அது ஐதீகம்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

ஒரே மூச்சு

கடை ஆரம்பித்த கதையைப் போன இதழில் படித்தவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரிக்கும் சாமி பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் எங்களைப் போன்ற வழிபாட்டுக் குழுக்கள் தெருவுக்கு ஒன்று இருக்கும். நாங்கள் செய்வது முற்றோதல். ஒரு நூலை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ஒரே நாளில், எல்லோரும் சேர்ந்து ஓதி முடிப்பது. எந்த நூல் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த அத்தியாயத்தில் நான் செய்திருக்கும் காரியத்துக்குப் புலவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். ஆசிரியர் பாவம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்குத் தொடக்கம். வெங்காயத் தோல் நிறத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை. அறுபது பேர், பெரும்பாலும் பெண்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவார்கள், முதுகு சாய்வதற்கு.

ஆரம்பத்தில் ஓதி முடிக்க மாலை நான்கு மணி ஆனது. பழகப் பழக மூன்று. பிறகு இரண்டு. எனக்குள் ஏதோ ஒரு பேய் புகுந்துகொண்டது. இன்னும் சீக்கிரம், இன்னும் சீக்கிரம். ஒரு மாதம் பன்னிரண்டே முக்காலுக்கு முடித்தோம். அன்று கைதட்டினோம். கோயில் மண்டபத்தில், சாமி முன்னால், நேரத்துக்காகக் கைதட்டிய ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

மைக் சரோஜா டீச்சரிடம். முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் குரல் மைக் இல்லாமலே மூன்றாவது தெருவுக்குக் கேட்கும், மைக் கொடுத்தால் கிரிவலப் பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வேகம் எடுத்தால் அறுபது பேரும் பின்னால் ஓடுவோம். எல்லாப் பாட்டுக்கும் ஒரே ராகம். மூச்சு விடுவதற்கு மட்டும் நிறுத்தம்.

அலமேலு எங்களுக்குச் சமைக்க வருகிறவள். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போடுகிற குடும்பம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிளஸ் டூ வரை படித்தவள். நன்றாகப் படிப்பாள். ஆனால் அவள் கை எங்கே சும்மா இருந்தது, புத்தகம் பிடிக்க? காய் நறுக்கும், அரிசி களையும், தேங்காய் துருவும். காது மட்டும் காலி. இரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஃபேன் செய்த வேலை

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் பூஜை அலமாரியில் இருந்த அச்சுப் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் குங்குமம் அப்பியிருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம், சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வருகிற புத்தகம். ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் எங்கள் ஸ்பைரல் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். அச்சுப் புத்தகத்தில் எழுத்து பொடி. அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கி, என் கடையிலேயே ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். புண்ணியம் என்று இலவசமாகச் செய்தேன். பெரிதாக்கியதில் கீழே இருந்த பக்க எண் வெட்டுப்பட்டுப் போனது. அதற்கென்ன, கடையில் எண் குத்தும் மெஷின் இருக்கிறதே.

எண் குத்துவதற்கு முன்னால்தான் அது நடந்தது. தாள்களை மேஜையில் அடுக்கி வைத்திருந்தேன். யாரோ வெயிலில் வந்தவர் ஃபேனைப் போட்டார். பாதிக் கட்டு பறந்து தரையில் விழுந்தது. குனிந்து பொறுக்கி அடுக்கினேன். அடுக்கியதைச் சரிபார்த்தேனா என்று கேளுங்கள். பார்த்தேன். எத்தனை தாள் என்று எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குத்தித் தள்ளிவிட்டேன். அந்தக் கட்டை வைத்துத்தான் எல்லோருக்கும் புத்தகம் எடுத்தேன்.

இரண்டே இரண்டு தாள்தான் இடம் மாறியிருந்தது. சாமியைத் துயில் எழுப்பும் பாட்டின் பின்பாதி ஊஞ்சல் பாட்டுக்குப் போய்விட்டது. ஊஞ்சல் பாட்டின் பின்பாதி இங்கே வந்துவிட்டது. நாற்பத்தேழாம் பக்கத்திலும் அறுபத்து மூன்றாம் பக்கத்திலும்.

என் கெட்ட நேரத்தைக் கேளுங்கள். இரண்டு பாட்டுக்கும் ஒன்பது பாடல்கள். இரண்டிலும் மூன்றாம் பாடலோடு பக்கம் முடிகிறது. அடுத்த தாள் இரண்டிலும் நான்கில் ஆரம்பிக்கிறது. பக்க எண் சரி, பாடல் எண் சரி. கண்ணுக்கு ஒரு தப்பும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். காதுக்கு? எழுந்திரு எழுந்திரு என்று முடிந்துகொண்டிருந்த கடைசி அடி, திடீரென்று ஆடுவோம் ஆடுவோம் என்று முடிகிறதே, அதுவாவது உறைத்திருக்க வேண்டாமா? மூன்று வருஷம். மாதத்துக்கு ஒரு தரம். அறுபது வாய். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பீன்ஸ் நறுக்குகிறவளுக்கு உறைத்தது.

கன்னத்தில் போட்டுக்கொண்ட நாள்

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவோடு ஒரு சிவன் கோயிலுக்குப் போயிருந்தேன். அப்பா மண்டியில் எடை போடுகிற வேலை பார்த்தவர். அன்று கோயிலில் கூட்டம் கம்மி. ஓதுவார் ஒருவர் தூணோரமாக நின்று மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை. உள்ளே பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ ஞாயம் கேட்கிற மாதிரி பாடினார்.

"அவர் யார்கிட்ட பேசறாருப்பா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட."

"என்ன கேக்கறாரு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? கன்னத்துல போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். ஆனால் அவர் என்னதான் கேட்டார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்போது அத்தனை ஆசை இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு. பிறகு பள்ளிக்கூடம், கல்யாணம், கடை, டோனர், கரண்ட் கட் என்று ஓடிப்போனது. அந்த ஆசை செத்துவிட்டது என்றுகூடத் தெரியாமல் நான்பாட்டுக்குக் குழுவுக்குத் தலைவியாகிவிட்டேன்.

அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அலமேலுவுக்கு நான் சொன்ன பதில் மட்டும் என்ன வாழ்ந்தது? அப்பாவாவது பொய் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் அட்டை

சரி, தப்பு தெரிந்துவிட்டது. உடனே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

அடுத்த முற்றோதல் பௌர்ணமி ஞாயிறு. அடி அண்ணாமலையில் ஒரு மண்டபம் பேசியிருந்தோம். கீழ்பென்னாத்தூரில் புதிதாக ஒரு குழு ஆரம்பிக்கிறார்கள், எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு வேன் நிறைய வருகிறார்கள். எங்கள் புத்தகத்தையே அவர்களுக்கும் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய், மூன்று வருஷமாகச் சாமியைப் பாதியில் விட்டுவிட்டு ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் யார் மதிப்பார்கள்? என்னிடம் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூடத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே.

ஆக, ஒரு தந்திரம் செய்தேன். புத்தகத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் அட்டை போட்டுத் தருகிறேன், கொண்டுவந்து கொடுங்கள் என்று குழுவில் செய்தி போட்டேன். இலவச அட்டை என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? இரண்டே நாளில் வந்து குவிந்தன.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஸ்பைரலைத் திருகிக் கழற்றி, இரண்டு தாளையும் மாற்றி, மறுபடி திருகி ஏற்றினேன். பத்துப் புத்தகம் முடிந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இப்போதாவது சரியாக வைக்கிறேனா? முதல்முறையாக அந்தத் துயில் எழுப்பும் பாட்டை எடுத்து, மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் இடத்தை நிதானமாகப் படித்தேன்.

மூன்றாம் பாடலில், வந்துவிட்டோம் என்கிறார்கள். நான்காம் பாடலில், வாசலில் யார் யார் வந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வருகிறது. ஓகோ என்று ஐந்தாவதைப் படித்தேன். ஆறாவதில் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. செல்லக் கோபம். இத்தனை பேர் நிற்கிறோம், இன்னும் என்ன தூக்கம் என்பது போல. ஐம்பது வயதைத் தாண்டிய நான், நின்றுகொண்டே, அடுத்து என்ன அடுத்து என்ன என்று பக்கத்தைத் திருப்பினேன்.

"அக்கா, ஆதார் ரெண்டு காப்பி" என்று ஷட்டருக்குக் கீழே ஒருவர் குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க, சாமி எழுந்திருக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்றேன்.

அவர் என்ன நினைத்தாரோ, பேசாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

எல்லாப் புத்தகமும் வந்தன, ஒன்றைத் தவிர. சரோஜா டீச்சருடையது. போனில் கேட்டேன்.

"இல்ல புஷ்பா, நான் குடுக்க மாட்டேன். சாமி காலடியில வச்சு எடுத்த புத்தகம். அட்டை எல்லாம் வேணாம்."

"ஒரே நாள் டீச்சர். நானே வந்து வாங்கிக்கிறேன்."

"அதான் வேணாம்னு சொல்றேனே. என்ன அவசரம் உனக்கு?"

போனை வைத்துவிட்டேன். மைக் வைத்திருக்கிற ஒரே ஆள். பழைய புத்தகத்தோடு.

இரண்டு பாட்டு ஒரே நேரத்தில்

பௌர்ணமி ஞாயிறு. காலையிலேயே கிரிவலம் வருகிற கூட்டம் பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் கீழ்பென்னாத்தூர் ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கையில் நான் சரிசெய்து எடுத்துத் தந்த புத்தகத்தோடு, பரீட்சைக்கு வந்தவர்கள் போல் தயாராக இருந்தார்கள்.

டீச்சரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். மாலை கட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். விளக்கு ஏற்றியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆறரைக்கு மைக்கில் டீச்சரின் முதல் சொல் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அன்று நான் ஒரு வரியும் ஓதவில்லை. பக்க எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. சாமியை எழுப்பத் தொடங்கினோம். முதல் பாடல். இரண்டு. மூன்று. அறுபது பேரும் ஒரே சமயத்தில் தாளைத் திருப்பினார்கள்.

நாற்பத்தேழு.

மைக்கில் டீச்சர் ஊஞ்சலில் ஏறிவிட்டார். மற்ற எல்லோரும் வாசலில் நின்று சாமியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இதோ யாராவது நிறுத்தப்போகிறார்கள். இதோ எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கப்போகிறார்கள்.

ஒருவரும் நிறுத்தவில்லை.

கண்ணைத் திறந்தேன். டீச்சர் ஆடுவோம் ஆடுவோம் என்கிறார். கூட்டம் எழுந்திரு எழுந்திரு என்கிறது. எல்லோர் தலையும் புத்தகத்தில். நான்காம் பாடல் முடிந்து ஐந்தாவது. ஐந்து முடிந்து ஆறு. அவரவர் பக்கம், அவரவர் வரி. முன்வரிசை விருந்தாளிகளும் அப்படியே.

அப்பாடா, பிழைத்தேன் என்று நினைத்தேன். அடுத்த முற்றோதலுக்குள் டீச்சர் புத்தகத்தையும் எப்படியாவது வாங்கி மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜென்மத்துக்கும் தெரியாது.

அப்படி நினைத்த அதே நிமிஷத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. ஒருவர் பாடுவது ஒருவர் காதில் விழவில்லை. இத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கூட்டத்துக்கு நான் தலைவி. இதற்காகவா சேலை எடுத்தோம், மண்டபம் பிடித்தோம், கைதட்டினோம்?

அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. அலமேலு. கையில் கரண்டி. முகத்தில் குழப்பம். டீச்சரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

முற்றோதலை நடுவில் நிறுத்தக் கூடாது என்பார்கள். நான் எழுந்து போய் மைக்கை அணைத்தேன்.

மூணு வருஷமாவா?

மைக் அணைந்ததும் ஓதல் தடுமாறி, அங்கங்கே இழுத்து, ஒருவழியாக நின்றது. இரண்டு பேர் மட்டும் எதுவும் தெரியாமல் ஒன்பதாம் பாடல் வரை போய் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள்.

"என்ன புஷ்பா? கரண்ட் போச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். நான்தான் நிறுத்தினேன்."

சொன்னேன். ஃபேன், தாள், எண் மெஷின், பிளாஸ்டிக் அட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். விருந்தாளிகள் பக்கம் பார்க்கவே இல்லை. "என் தப்பு. இனிமே வேற யாராவது தலைமையா இருங்க" என்று முடித்தேன்.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் தன் புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா டீச்சர்."

"இப்ப நான் ஊஞ்சல் ஆடிட்டு இருந்தேன், நீங்க எல்லாம் சாமியை எழுப்பிட்டு இருந்தீங்க?"

"ஆமாம் டீச்சர்."

டீச்சரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரிக்கிறார். மைக் இல்லாமலே மண்டபம் அதிர்கிற சிரிப்பு.

"முப்பது வருஷம் பிள்ளைங்கள புரிஞ்சுதா, புரிஞ்சுதான்னு கேட்டுக் கொன்னேன். என்னை ஒருத்தராவது கேட்டீங்களாடி?" என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சுவரோரத்து ஆண்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்கள். நான் அலமேலுவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தேன். "கண்டுபிடிச்சது இவதான். இவ நெனச்சதைக் கேளுங்க" என்றேன்.

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, பிள்ளைகளை எழுப்புகிற கதையைச் சொன்னாள். ரெண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊஞ்சல் ஆடப் போனது, அப்புறம் ஞாபகம் வந்து மறுபடி வந்து எழுப்பியது. கீழ்பென்னாத்தூர் அம்மாள் ஒருவர் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது சரிங்க, இப்ப முழுசா கேப்போமே. சாமி எழுந்திருக்குதா இல்லையா?" என்றார் அவர்.

இரண்டே பாட்டு

மறுபடி முதல் பாடலிலிருந்து. டீச்சர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டோம். அடுத்த வரி அடுத்தவர். ஒரு சொல் புரியாவிட்டால் கை தூக்கலாம் என்றார் டீச்சர். ஐந்து நிமிஷத்தில் வகுப்பறை ஆகிவிட்டது.

வாசலில் ஆட்கள் காத்து நிற்கிற பாடல் வந்தபோது, "இது நம்மதான். தீபத்தன்னைக்குத் தரிசன க்யூல நிக்கிறோமே, அதான்" என்றார் ஒரு பெண். உடனே க்யூவில் அவரவர் நின்ற கதை. ஆறாவதில் அந்தச் செல்லக் கோபம் வந்தபோது, கடைசி வரிசையில் ஒரு தாத்தா, "சாமிகிட்டயே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டார். அவர் பத்து வருஷமாக வேறு வேறு குழுக்களில் அதை ஓதிக்கொண்டிருந்தவர். பேசலாம் என்று தெரிந்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

எனக்கோ, தூணோரமாக நின்று ஞாயம் கேட்ட அந்த ஓதுவார் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பாடியது இதுவா, வேறா, தெரியாது. ஆனால் அவர் யாரிடம் பேசினார், எந்த உரிமையில் பேசினார் என்பது அன்று புரிந்தது. பத்து வயதில் விட்ட ஆசை பத்திரமாகத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஊஞ்சல் பாட்டு. அதையும் முழுதாக. அதற்குள் மணி ஒன்றரை. மொத்த நூலில் கால்வாசிகூட ஆகவில்லை. எங்கள் குழு முற்றோதலை முடிக்காமல் எழுந்த முதல் நாள் அது.

சாப்பாட்டில் சாதம் குழைந்து கஞ்சியாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்க. நானும் கதவாண்ட நின்னு கேட்டுட்டே இருந்துட்டேன்" என்றாள் அலமேலு. குழைந்த சாதத்தை எல்லோரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். விருந்தாளிகள் இன்னும் சில புத்தகம் வேண்டும் என்றார்கள். கூடவே, "அந்தப் பழைய புத்தகமும் ஒண்ணு குடுங்க, சிரிக்கிறதுக்கு" என்றார்கள். அதை டீச்சர் தரமாட்டேன் என்றுவிட்டார். இன்றுவரை அதை மாற்றவும் விடவில்லை. தலைமையை வேறு யாரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பாட்டுதான். நூலை முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று டீச்சர் கணக்குப் போட்டார். பிறகு, வேண்டாம் என்று அழித்துவிட்டார்.

காலியான காது

பாத்திரம் கழுவும்போது அலமேலுவிடம் தனியாகப் போனேன்.

"அன்னைக்கு உங்கிட்ட ஐதீகம்னு சொன்னது பொய்மா. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"தெரியுங்க்கா. அப்படிச் சொல்லும்போது நீங்க என் மூஞ்சியப் பாக்கல."

அவளுக்கென்று ஒரு புத்தகம் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு தரம் சரிபார்த்தது. நல்ல தடிமனான அட்டை. நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"எனக்கு வேணாங்க்கா. நீங்க படிங்க."

"ஏம்மா? உனக்குத்தான் எங்களை எல்லாம்விட நல்லா வருமே."

"எல்லாரும் படிச்சா அப்புறம் யாருதான் கேக்கறது?"

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குச் சீக்கிரமாகவே போனேன். முன்வரிசையில் என் இடத்தில் டீச்சர் பாயை விரித்து வைத்திருந்தார். நான் அங்கே உட்காரவில்லை. பின்பக்கக் கூடத்துக்குப் போய் அலமேலுவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டேன். புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, பையில் அரிவாள்மனையை எடுத்துப் போயிருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையில் இருந்த பீன்ஸில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.